சாக்குத் திரை

ஐந்தே முக்கால் ஷிப்ட் பஸ் போய்விட்டிருந்தது. பாண்டுரங்கன் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, ஜோங்காவின் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தான். கால்கள் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சுந்தராம்பாள் டீ டம்ளரை அவன் கால் பக்கம் மண்ணில் வைத்தாள்.

"யோவ், இன்னா பண்ணிக்கினு கீற காலங்காத்தால?"

"ஹீட்டரக் கழட்றேன்."

"இன்னாத்த?"

"ஹீட்டரு. சூடு காத்து வரும். இந்த வண்டில கீது."

"பிள்ளப்பாக்கத்துல சூடு காத்துக்கு மெஷினு வேணுமா? கதவத் தொறந்தாலே வருது."

"உங்க ஊர்ல?"

அவள் டீ ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் ஊர் நீலகிரியில், மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பாண்டுரங்கனின் சித்தி அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வழியில் வந்த சம்பந்தம். முந்தின வாரம் அவள் தம்பி ஐயனார் போன் செய்திருந்தான். நாற்பதை நெருங்குகிறவனுக்கு ஒருவழியாகப் பெண் அமைந்திருந்தது. தை மாதம், விடியற்காலை முகூர்த்தம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டு முடிச்சு அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். ஐயனாருக்கு உடன்பிறந்தவள் சுந்தராம்பாள் ஒருத்திதான்.

"நீ வராட்டி யாரு போடறது? ஒண்ணுவிட்ட அக்காளுங்களக் கூப்பிட்டுக்கவா?" என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டான்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. கல்யாணமான மறு வருஷம் பாண்டுரங்கனுக்கு நெஞ்சில் நோய் வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் படுத்து எழுந்தான். நோய் போனது. இடது பக்க நுரையீரல் சுருங்கிப்போனது. கடும் குளிர் பட்டால் மூச்சு முட்டும். மகள் சத்யப்பிரியா மூன்றாவது படித்தபோது சுந்தராம்பாளின் அம்மா இறந்தாள். மார்கழி மாதம். பஸ்ஸில் போனார்கள். ஜன்னல் தகரம் மூடவில்லை. கருமாதி அன்று பாண்டுரங்கன் குன்னூர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தான். பக்கத்தில் சுந்தராம்பாள் உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குத் தண்ணீர் விட மகள் வரவில்லை என்று ஐயனார் பேசாமல் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் மலை ஏறவே இல்லை.

ஜோங்கா ராணுவம் ஏலத்தில் விட்ட வண்டி. ஜீப்பைவிடப் பெரியது, நான்கு சக்கரமும் இழுக்கும். பாண்டுரங்கனின் பிழைப்பே அதில்தான். ஒரகடம் பக்கம் ஏரியோரத்து நிலங்களில் கம்பெனி கட்ட கிராவல் கொட்டினார்கள். கொட்ட வந்த டிப்பர் லாரிகள் அச்சு வரை புதைந்தன. யாராவது சைக்கிளில் வந்து கூப்பிடுவார்கள். அவன் போய்க் கம்பி வடம் மாட்டி இழுத்துவிடுவான். மற்ற நேரத்தில் வீட்டு முன் ஷெட்டில் வண்டிகளை ரிப்பேர் செய்தான்.

ராணுவத்தில் இருந்தபோது ஜோங்கா பனிமலையில் ஓடியது. அதனால் ஹீட்டர் இருந்தது. இங்கே வந்த முதல் கோடையில் பாண்டுரங்கன் இன்ஜினின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போய்வரும் இரண்டு ரப்பர் ஓஸையும் அறுத்துவிட்டு, வாயில் போல்ட் வைத்து அடைத்திருந்தான். டாஷ்போர்டுக்கு அடியில் இருந்த பெட்டியை அப்படியே விட்டுவிட்டான். எதற்கு இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். குலுக்கினான். உள்ளே ஏதோ உருண்டது.

சத்யப்பிரியா பல் தேய்த்துக்கொண்டு வந்து பார்த்தாள். அவள் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். அன்று அவளுக்கு இரண்டாவது ஷிப்ட்.

"இன்னாப்பா இது?"

"உங்க மாமா கல்யாணத்துக்குப் போற டிக்கெட்டு."

"அம்மா போவலன்னு சொல்லிச்சே."

"அது சொல்லும்."

*

ஒரகடம் கூட்டுரோட்டில் தளவாயின் ரேடியேட்டர் கடை இருந்தது. சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கம்பெனி வேலைக்கு என்று வந்தவன், முகத்துக்கு நேரே சூப்பர்வைசரைப் பேசிவிட்டு, மூன்றாம் நாளே வெளியே வந்து கடை போட்டான். கடையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காற்றுப் பம்ப், ஈயம் பற்றவைக்கும் அடுப்பு. ஆசிட் நெடி எப்போதும் இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் தளவாய் உள்ளே குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, எலி இதுக்குள்ள குடும்பமே நடத்தியிருக்குல்லா."

வைக்கோல், பஞ்சு, சிவப்பும் பச்சையுமாக வயர்த் துண்டுகள். சத்யப்பிரியாவின் சட்டைப் பையிலிருந்து எலி எடுத்துப்போனவை. நடுவில் ஒரு கொட்டைப் பாக்கு. குலுக்கியபோது உருண்டது அதுதான். அடியில் சின்ன ரேடியேட்டர், இரண்டு உள்ளங்கை அகலம். பித்தளை பச்சையாகிக் கிடந்தது.

"இதான் ஹீட்டரா? நாலு வருசமாக் கடை வச்சிருக்கேன். ஏசி ரிப்பேருன்னு வருவான். ஹீட்டருன்னு எவனும் வந்ததில்ல. வண்டிக்கு என்ன, காய்ச்சலா?"

"வண்டிக்கு இல்ல. எனக்கு."

தளவாய் நிமிர்ந்து பார்த்தான். பாண்டுரங்கன் கல்யாணத்தைச் சொன்னான். தளவாய் மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை.

ஒரு பக்க ஓஸில் காற்றை விட்டான். மறுபக்கம் வரவில்லை. குழாய்களில் உப்பு அடைத்திருந்தது. இரண்டு பக்க மூடியையும் ஈயம் உருக்கிக் கழற்றினான். மெல்லிய தகட்டை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுத்தான். சுண்ணாம்பாகக் கொட்டியது. மதியம் வரை இழுத்தான். பாண்டுரங்கன் எதிரே கவிழ்த்த டயரில் உட்கார்ந்து தகட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தான். சாப்பாட்டு நேரத்தில் தளவாயின் மனைவி மாரிசெல்வி தூக்கு அனுப்பியிருந்தாள். சுண்டவத்தல் குழம்பு, அவித்த முட்டை. இரண்டு பேரும் ஒரே தூக்கில் சாப்பிட்டார்கள்.

"அக்கா எதுக்கு வரமாட்டேங்காவ? கூடப்பொறந்தவன் கல்யாணம்லா?"

"நா வந்தாத்தான் வருவாளாம்."

"நீங்க?"

"நா போனா திரும்பி வர மாட்டனாம்."

"அது சரி." தளவாய் முட்டையைப் பாதியாகப் பிட்டு அவன் பக்கம் தள்ளினான். "அப்ப சூடு பண்ணித்தான் ஆவணும்."

மூடியைப் பற்றவைத்துத் தொட்டியில் முக்கினான். காற்றை ஏற்றினான். ஒரு மூலையில் குமிழி வந்தது. மறுபடி ஈயம். மறுபடி தொட்டி. இந்தத் தடவை தண்ணீர் அசையாமல் இருந்தது.

காற்றை ஊதும் மோட்டார் சுற்றவில்லை. பாண்டுரங்கன் வீட்டில் அதைப் பிரித்து, கார்பனை மாற்றி, எண்ணெய் விட்டான். லாரி ஓஸை வெட்டிப் போட்டு கிளிப் முறுக்கினான். கதவு இடுக்குகளில் பழைய டியூபை ஒட்டினான். கூரைக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த சந்துகளில் மெழுகு சீலையைத் திணித்தான். சுந்தராம்பாள் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தாள். இரண்டாவது நாள் சொன்னாள்:

"பின்கதவு மேல இன்னொரு சந்து கீது. வெளிச்சம் தெரியுது பாரு."

*

சத்யப்பிரியாவின் வார லீவு அன்று வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். தளவாய் முன்னால், அவள் பின்னால். சுந்தராம்பாள் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரி வரை போனார்கள். ரோட்டோரத்தில் நெல் காய்ந்தது. ஹீட்டர் மோட்டார் நன்றாகச் சுற்றியது.

"வருதாப்பா?" என்றாள் சத்யப்பிரியா.

"வருது."

"சூடா வருதா?"

பாண்டுரங்கன் கையை வைத்துப் பார்த்தான். தளவாயும் வைத்தான்.

"அண்ணாச்சி, இதுல கோழிமுட்டகூடப் பொரியாது."

காற்று வெதுவெதுவென்று வந்தது. குளித்துவிட்டு வந்த ஆள் பக்கத்தில் நின்றால் வருகிற அளவு. படப்பை வரை போய்த் திரும்பினார்கள். அதே அளவுதான். டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் இடது மூலையை விட்டு நகரவில்லை.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி பானெட்டைத் திறந்தார்கள். ஓஸைத் தொட்டார்கள். தண்ணீர் ஓடியது. அடைப்பு இல்லை. தளவாய் இன்ஜின் தலையில் ரேடியேட்டர் ஓஸ் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, தெர்மாஸ்டாட் இருக்கா?"

"இல்ல," என்றான் பாண்டுரங்கன்.

தெர்மாஸ்டாட் அந்த இடத்துக்குள் இருக்கும் சின்ன வால்வு. இன்ஜின் தண்ணீர் நன்றாகச் சூடாகும் வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எந்த ஷெட்டிலும் அதை விட்டுவைக்க மாட்டார்கள். வெயில் ஊரில் தண்ணீரைத் தடுப்பானேன் என்று, புதிதாக ஒரு வண்டி கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார்கள். பிறந்த பிள்ளைக்கு மொட்டை போடுவது மாதிரி. வண்டிக்காரரும் அதைச் செய்தாயா என்று கேட்டுத்தான் சாவியை வாங்குவார். பாண்டுரங்கன் எத்தனை வண்டியில் கழற்றியிருப்பான் என்று அவனுக்கே தெரியாது. ஜோங்காவில் கழற்றியது நினைவிருந்தது. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிய அன்று சாயங்காலமே கழற்றினான்.

"எங்க போட்டீய?"

"பழைய இரும்புக்காரன் வருவான். வெங்காயம் குடுப்பான்."

"தெர்மாஸ்டாட்டக் குடுத்து வெங்காயம் தின்னுருக்கீய."

சத்யப்பிரியா பின்னால் சிரித்தாள். பாண்டுரங்கனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமினான். இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த வாரம் அவன் தண்டலம் வரை எல்லா ஷெட்டிலும் கேட்டான். எல்லோரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். சென்னைக்குப் போய் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறினான். ஒரு கடைக்காரர் குப்பைப் பெட்டியைக் கவிழ்த்து, அளவு சரியாக இருந்த இரண்டைப் பொறுக்கிக் கொடுத்தார். வேலை செய்யுமா என்று தனக்குத் தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

*

"என் குண்டானத் தொடாத."

"கழுவிட்டுத் தரேன்."

"புளி போட்டுக் கழுவணும். சோறு வடிக்கிற குண்டான்யா அது."

அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்து அடுப்பில் ஏற்றினான். ஒரு கம்பியில் இரண்டு வால்வையும் கோத்து உள்ளே தொங்கவிட்டான். தண்ணீர் சூடானால் வால்வின் வாய் திறக்க வேண்டும். ஆறினால் மூட வேண்டும். சுந்தராம்பாள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். சத்யப்பிரியா யூனிபாரத்தோடு வாசல்படியில் நின்றாள்.

தண்ணீரின் அடியில் சின்னக் குமிழிகள் கட்டின. பிறகு பெரிய குமிழிகள். பிறகு தளதளவென்று கொதித்தது. ஒரு வால்வு அசையவில்லை. இன்னொன்று, பார்த்தால், தண்ணீரில் போடும்போதே திறந்துதான் இருந்தது. தண்ணீர் ஆறியும் மூடவில்லை.

"ஒண்ணு வாயத் தொறக்காது, ஒண்ணு வாய மூடாது. அப்பாவும் அம்மாவும் மாதிரி," என்றாள் சத்யப்பிரியா.

"ஷிப்டுக்கு நேரமாவல உனக்கு?" என்றாள் சுந்தராம்பாள்.

மகள் ஷிப்டுக்குப் போனாள். பாண்டுரங்கன் கம்பியை எடுத்துத் தரையில் போட்டான்.

"சுந்தரா, நா ஒண்ணு சொல்றேன். கோச்சிக்காத. நீ பஸ்ல போய்ட்டு வா. தளவாய் சம்சாரம் கூட வரேன்னுது. முடிச்சப் போட்டுட்டு மறுநாளே எறங்கிடு."

"நீ?"

"நா இங்கதான கீறேன். எனக்கு இன்னா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போன தபா அங்க உன்ன உட்டுட்டு வந்துருவனோன்னு பயந்துக்கினு எங்கம்மாவுக்குத் தண்ணி வுடாம உக்காந்துனு இருந்தேன். இந்தத் தபா இங்க உட்டுட்டு, அங்க போய் பயந்துக்கினு முடிச்சு போடணுமா? கை நடுங்காது? நடுங்குற கையால போட்ட முடிச்சு எத்தினி நாளைக்கி நிக்கும்?"

"ஒரே ஒரு நாளு."

"ஒரு நாளு போதும்யா உனக்கு. எனக்குத் தெரியாதா?" வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, "ஒண்ணுவிட்ட அக்காளுங்க போடட்டும்," என்றாள்.

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். உலைக்கு அதே தண்ணீரை வைக்கப்போய், நினைவு வந்து கொட்டிவிட்டு, புளி போட்டுத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். புதுத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து மூடி போட்டாள். மூடி மேல் கை வைத்தபடியே நின்றாள்.

"யோவ்."

"ம்."

"எங்க ஊருக்கு உரம் ஏத்தினு லாரிங்க வரும். பனிக் காலத்துல மொகத்துல சாக்கு கட்டினு வரும். இன்ஜினு முன்னாடி. நாங்க சின்னப் புள்ளைங்க, லாரிக்குக் குளுருதுன்னு போத்தி வுட்டுக்கிறாங்கன்னு நெனச்சிப்போம். ஓடிப்போய் கும்பிடுவோம்."

பாண்டுரங்கன் அவளைப் பார்த்தான்.

"ரேடியேட்டர்ல காத்து பட்டு தண்ணி ஆறாம," என்றான்.

"இப்ப நா மூடி போட்டன் பாரு, அது மாதிரிதான?"

அவன் எழுந்து வெளியே போனான். ஷெட்டில் ஒரு அரிசிச் சாக்கு இருந்தது. கத்திரிக்கோல் எங்கே என்று அங்கிருந்தே கத்தினான்.

*

முதல் தடவை சாக்கை முழுவதும் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்கள். தண்டலம் போவதற்குள் ரேடியேட்டர் மூடி சீறியது. ரோட்டோரம் நின்று தண்ணீர் ஊற்றினார்கள். இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினார்கள்.

"யோவ் பெருசு, வண்டிக்கு முக்காடு எதுக்குயா?"

"பொண்ணு பாக்கப் போறோம்," என்று சுந்தராம்பாள் திருப்பிக் கத்தினாள்.

வீட்டுக்கு வந்து பாண்டுரங்கன் சாக்கின் மேல் ஓரத்தில் ஒரு கம்பியைத் தைத்தான். அதைக் கடைத்தெருக் கூரைத் திரை மாதிரி சுருட்டி ஏற்றவும் இறக்கவும் செய்தான். ஒரு நைலான் கயிற்றை பானெட் ஓரமாக விட்டு, டாஷ்போர்டில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்தான். கயிற்றை இழுத்தால் சாக்கு இறங்கி ரேடியேட்டரை மறைக்கும், விட்டால் மேலே கட்டிய டியூப் ரப்பர் அதைத் திரும்ப ஏற்றும். கயிற்றின் நுனி இடதுபக்க சீட்டுக்கு முன்னால் தொங்கியது.

"ஓட்டினே நா இத இழுக்க முடியாது," என்றான்.

"நா இழுக்கறேன்."

"முள்ளப் பாத்துக்கினே இருக்கணும். நடுவுல நிக்கணும். தாண்டிச்சினா வுட்டுரு. எறங்கிச்சினா இழு."

"சோறு பொங்கத் தெரியாதவளாயா நானு?"

சேரப்பணஞ்சேரி ரோட்டில் மறுபடி போனார்கள். இந்தத் தடவை அவள் முன்னால். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் எழுந்தது. நடுவுக்கு வந்தது. ஹீட்டரிலிருந்து வந்த காற்று மாறியது. முதலில் துரு வாசனை. பிறகு சூடு. பாண்டுரங்கனின் முழங்காலில் பட்டது, மேலே ஏறியது, கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. தை மாத வெயில் வேறு. அவன் நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்தது. அவள் ரவிக்கை நனைந்து முதுகில் ஒட்டியது. பின்னால் சத்யப்பிரியா ஜன்னலைத் தட்டினாள்.

"அம்மா, செத்துருவேன். தொறக்கச் சொல்லு."

"சும்மா இருடி. அப்பாவுக்கு மூச்சு எப்டி வருது, அதப் பாரு."

அவன் ஆழமாக இழுத்துவிட்டான். விசில் சத்தம் இல்லாமல் போய் வந்தது.

"வருதா?" என்றாள் சுந்தராம்பாள்.

"வருது."

அவள் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினாள். அன்று சாயங்காலம் ஐயனாருக்கு அவளே போன் செய்தாள்.

*

கிளம்புகிற அன்று விடியலில் தளவாய் வந்து ஓஸ் கிளிப்புகளை ஒருமுறை முறுக்கிப் பார்த்தான். மாரிசெல்வி எள்ளுருண்டை கொடுத்தனுப்பியிருந்தாள். சத்யப்பிரியாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த வாரம் லைனில் எல்லோருக்கும் ஓ.டி. போட்டிருந்தார்கள். கம்பெனியில் கொடுக்கும் வெள்ளைக் கையுறை இரண்டு ஜோடி கொண்டுவந்தாள்.

"ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு உனக்கு."

"எனக்கு எதுக்குடி? நா பொறந்ததே அந்தக் குளுருல. பனியில வெறுங்காலோட கொழுந்து கிள்ளுனவ நானு." ஒரு ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மலையடிவாரம் வரை ஹீட்டரைப் போடவில்லை. அவிநாசியில் புளிசாதத்தைப் பிரித்தார்கள். மேட்டுப்பாளையத்தில் பாண்டுரங்கன் இறங்கித் தண்ணீர் பார்த்தான், டயர் பார்த்தான், குல்லாவை மாட்டினான். மலை ஏறத் தொடங்கியதும் அவள் கயிற்றைக் கையில் எடுத்தாள். ஏற்றத்தில் இன்ஜின் சூடாகும், முள் எழும், அவள் விடுவாள். வளைவு தாண்டி நிழலில் காற்று அடிக்கும், முள் சாயும், அவள் இழுப்பாள். ரோட்டை அவன் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்க்கவே இல்லை.

குன்னூரில் ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி ரோடு போனது. அவள் சாக்கை முழுவதும் இறக்கினாள்.

"முள்ளு தாண்டுது," என்றான் அவன்.

"தாண்டட்டும்."

ஆஸ்பத்திரி பின்னால் போன பிறகு கயிற்றை விட்டாள்.

இருட்டும் நேரத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தோட்டத் தொழிலாளர் லைன் வீட்டு முன்னால் ஐயனார் நின்றிருந்தான். வண்டியை நிறுத்தியதும் பாண்டுரங்கன் பக்கம் ஓடிவந்து கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்தான்.

"எறங்காதீங்க மாமா. உள்ள கணப்புப் போட்டிருக்கேன். கொஞ்சம் சூடாகட்டும்."

கண்ணாடி வழியாக மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயனார் முன்னால் போய் சாக்கைத் தொட்டுப் பார்த்தான். சிரித்தான்.

"லாரிக்குப் போத்திவிட்டிருக்கியாக்கா?"

"குளுருமில்ல அதுக்கு," என்றாள் சுந்தராம்பாள்.

*

கோயில் தோட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. முருகன் கோயில், முன்னால் தகரக் கூரை போட்ட மண்டபம். எல்லா வண்டிகளும் கீழேயே நின்றன. அங்கிருந்து படி ஏற வேண்டும். படிக்குப் பக்கத்தில் தேயிலைக்கு நடுவே புதிதாக ஒரு தடம் வெட்டியிருந்தது. கல்லைப் புரட்டி, பள்ளத்தில் மண் போட்டு மிதித்திருந்தார்கள். அது மண்டபத்து ஓரம் வரை போனது.

"ஐயனாரும் பசங்களும் ஒரு வாரமா வெட்டுனாங்க," என்றார் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போன பெரியவர். "மாமா வண்டி இதுலயே ஏறும்னான்."

இன்னும் விடியவில்லை, புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. பாண்டுரங்கன் நான்கு சக்கரத்தையும் போட்டு, கீழ் கியரில் ஏற்றினான். சக்கரம் ஒருமுறை வழுக்கியது, பிறகு பிடித்தது. மண்டபத்துத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடி வழியாக மணவறை நேராகத் தெரிந்தது. சுந்தராம்பாள் பட்டுப்புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிப்போனாள். கதவை வேகமாகச் சாத்தினாள்.

ஐயர் இல்லை. தோட்டத்துப் பூசாரிதான் நடத்தினார். பெண் சால்வைக்குள் குறுகி உட்கார்ந்திருந்தாள். ஐயனார் வெறும் மார்பில் துண்டோடு நடுங்கினான். சிரிப்பதற்கு வாயைத் திறந்தால் பல் அடித்துக்கொண்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை உள்ளங்கையில் வைத்து ஊதிச் சூடாக்கினார். தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டுக் கொடுத்தார்கள். ஒரு பெண் அதை வண்டிக்கும் எடுத்துவந்தாள். பாண்டுரங்கன் கண்ணாடியை விரலளவு இறக்கி, கையுறையைக் கழற்றிவிட்டு, தாலியைத் தொட்டான். மஞ்சள் கயிறு பனியில் விறைத்திருந்தது.

தட்டு திரும்பிப் போனது. அப்போது சுந்தராம்பாள் மண்டபத்திலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து சாத்தினாள்.

"இன்னா ஆச்சு?"

அவள் இரண்டு கையையும் ஹீட்டருக்கு முன்னால் நீட்டினாள். விரல்கள் வெளுத்து, மடங்காமல் நின்றன. நகம் நீலமாக இருந்தது.

"நூலு ஒண்ணு எடுத்து முடிச்சு போட்டுப் பாத்தேன். வெரலு மடங்க மாட்டேங்குதுயா."

"உன் ஊராச்சே."

"பேசாத."

பாண்டுரங்கன் தொங்கிய கயிற்றைத் தானே பிடித்து அடிவரை இழுத்தான். சாக்கு இறங்கியது. ஆக்சிலரேட்டரை மிதித்தான். இன்ஜின் சத்தம் மேட்டில் எதிரொலித்தது. மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முள் நடுவைத் தாண்டியது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவள் கைகளைப் பிடித்துக் காற்றுக்கு நேரே திருப்பிக் காட்டினான், உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கை.

"நாத்தனாரக் கூப்பிடுங்கப்பா," என்று மண்டபத்தில் யாரோ கத்தினார்கள்.

ஐயனார் தாலியைக் கையில் எடுத்துவிட்டான். எடுத்தபடி வண்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பூசாரி ஏதோ சொன்னார். அவன் தலையை ஆட்டினான். கட்டவில்லை.

சுந்தராம்பாள் ஒரு விரலை மடக்கினாள். அடுத்த விரல். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து நூல் திரிப்பது மாதிரி உருட்டிப் பார்த்தாள். ரேடியேட்டர் மூடி சீற ஆரம்பித்தது.

"யோவ், வண்டி," என்றாள்.

"போ. நீ போ."

அவள் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்து அவன் முகத்தில் அடித்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அவள் ஓடினாள். மேளம் எழுந்தது. அவன் கயிற்றை விட்டுவிட்டு, கண்ணாடியை முழுவதும் இறக்கித் தலையை வெளியே நீட்டினான்.

"கைய மூடிக்கினு போ சுந்தரா. சூடு போயிடப் போவுது. காதுல வுழுதா?"